புதுப் பெட்டி, பழைய ஆட்டம், இலவச உழைப்பு

2017 ஏப்ரல் 23 அன்று சின்க்ளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினிக்கு 35 வயது நிறைந்தது. அதே நாளில், அந்தக் கணினியைப் புதிதாகச் செய்து தருகிறோம், பணம் போடுகிறீர்களா என்று கிக்ஸ்டார்ட்டரில் ஒரு சிறு குழு கேட்டது. கேட்டது இரண்டரை லட்சம் பவுண்டு. 3,113 பேர் சேர்ந்து கொடுத்தது 7,23,390 பவுண்டு. ‘ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்’ என்று பெயரிட்ட அந்த எந்திரத்துக்கு, கூடும் கீபோர்டுமாக, 175 பவுண்டு விலை வைத்தார்கள். 1982இல் 48கே ஸ்பெக்ட்ரம் விற்ற அதே விலை.

அதில் குறும்பு இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. 1982இன் 175 பவுண்டு இன்றைய மதிப்பில் 600 பவுண்டை ஒட்டி வரும். கிளைவ் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தை லட்சக்கணக்கில் செய்து விற்றார். நெக்ஸ்ட் குழு செய்ய வேண்டியிருந்ததோ சில ஆயிரம்தான். லட்சத்தில் செய்கிறவருக்கும் ஆயிரத்தில் செய்கிறவருக்கும் ஒரே விலை எப்படிக் கட்டுப்படியாகும்? கட்டுப்படியாகாது. ஆகவே அந்த விலையில் குழுவில் பெரும்பாலோரின் சம்பளம் சேர்க்கப்படவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே இரவிலும் விடுமுறையிலும் இதற்கு உழைத்தவர்கள் அவர்கள்.

பழைய வீடியோ கேம்களுக்காகவே புதிய வன்பொருள் செய்யும் உலகம் கடந்த பத்து ஆண்டுகளில் விறுவிறுவென்று வளர்ந்திருக்கிறது. பெட்டியின் விலையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தப் பெட்டியை உயிரோடு வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

எதற்கு இவ்வளவு விலை?

நெக்ஸ்ட் கதையையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். இதன் மூலம் பிரேசிலில் இருக்கிறது. விக்டர் ட்ரூக்கோ, ஃபாபியோ பெலாவெனுட்டோ என்ற இரு பொறியாளர்கள் ‘டிபிபுளூ’ என்ற ஸ்பெக்ட்ரம் போர்டை வடிவமைத்திருந்தார்கள். இன்னொரு பிரேசில்காரரான ஹென்றிக் ஒலிஃபியர்ஸ் அவர்களோடு சேர்ந்தார். கூட்டை வரைந்து கொடுத்தவர் ரிக் டிக்கின்சன். 1982இல் முதல் ஸ்பெக்ட்ரத்தின் தோற்றத்தை வடிவமைத்தவரும் அவரே. நெக்ஸ்ட் விற்பனைக்கு வருவதைப் பார்க்க அவர் இல்லை. 2018 ஏப்ரலில் காலமானார்.

சிப்பையும் போர்டையும் இந்தக் குழு எப்படியோ சமாளித்தது. கழுத்தைப் பிடித்தது கீபோர்டு. பிளாஸ்டிக் வார்ப்புக்கு எஃகில் அச்சு வெட்ட வேண்டும். அச்சு ஒருமுறை வெட்டிவிட்டால் திருத்துவது பெரிய செலவு. ஒரு விசை உரசினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முழு எந்திரம் பணம் போட்டவர்கள் கைக்கு வரத் தொடங்கியது 2020 பிப்ரவரியில். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுக் காத்திருப்பு.

பிளாஸ்டிக்கா பிரச்சினை என்று கேட்கலாம். ஆமாம், பிளாஸ்டிக்தான். ஓர் அச்சுக்கான செலவு பத்து லட்சம் பெட்டிகளுக்குப் பங்கிடப்பட்டால் பெட்டிக்குச் சில காசுதான் விழும். மூவாயிரம் பெட்டிக்குப் பங்கிட்டால் அதுவே பெட்டி விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். மின்னணுப் பொருள் என்றதும் நம் கண் சிப்பின் மேல் போகிறது. சிறு அளவில் தயாரிப்பவரைக் கேட்டால் கூடு, விசை, பெட்டி, கூரியர் என்றுதான் புலம்புவார்.

ஜெர்மனியில் ‘மெகா65’ குழுவும் இதே சுவரில்தான் முட்டியது. கொமடோர் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் மாதிரி அளவிலேயே கைவிட்ட கொமடோர் 65 என்ற கணினியை மறுபடி உருவாக்கியவர்கள் இவர்கள். கூட்டுக்கான அச்சுச் செலவுக்கு ரசிகர்களிடமே நன்கொடை திரட்டினார்கள். உண்மையான ஃப்ளாப்பி டிரைவும் இயந்திர விசைக் கீபோர்டும் கொண்ட அந்தக் கணினிக்கு வைத்த விலை, வரி நீங்கலாக 666.66 யூரோ. எண்ணில் விளையாடுவது இந்தக் கூட்டத்தாருக்கு வழக்கம். ஆனால் தொகை விளையாட்டல்ல. நம் பணத்தில் நல்ல மடிக்கணினியின் விலை.

விலை எப்படி ஏறும் என்பதற்கு இன்னொரு சாட்சி அமெரிக்காவின் டேவிட் மர்ரி. ‘8-பிட் கய்’ என்ற பெயரில் யூடியூப் ரசிகர்கள் அறிந்தவர். எளிமையான, எல்லோரும் வாங்கக்கூடிய 8-பிட் கணினி வேண்டும், விலை 50 டாலருக்குள் நிற்க வேண்டும் என்று கனவு கண்டார். அதுதான் ‘கமாண்டர் எக்ஸ்16’. 2023இல் முதல் போர்டுகள் வெளிவந்தபோது விலை 350 டாலரை ஒட்டி இருந்தது. கூடும் கீபோர்டும் தனி. யாரும் ஏமாற்றவில்லை. உண்மையான 65சி02 சிப், கிராஃபிக்ஸுக்குத் தனி போர்டு, சில ஆயிரம் எண்ணிக்கை என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை அங்கேதான் வந்து நிற்கும்.

சிப்புக்குள் இன்னொரு சிப்

இந்த எந்திரங்களில் பெரும்பாலானவற்றின் நடுவே இருப்பது எஃப்.பி.ஜி.ஏ. எனும் சிப். சாதாரண சிப்பின் உள்ளிணைப்புகள் தொழிற்சாலையிலேயே நிலையாகிவிடும். எஃப்.பி.ஜி.ஏ.வில் அப்படியல்ல. உள்ளே ஆயிரக்கணக்கான தர்க்க அலகுகள் வெறுமனே காத்திருக்கும். மின்சாரம் வந்ததும் எந்த வரைபடத்தைக் கொடுக்கிறோமோ அதன்படி தங்களை இணைத்துக்கொள்ளும். இந்த நிமிடம் ஸ்பெக்ட்ரம், அடுத்த நிமிடம் சேகா மெகாடிரைவ். அந்த வரைபடத்தைத்தான் ரசிகர்கள் ‘கோர்’ என்கிறார்கள்.

எமுலேட்டர் மென்பொருளோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். எமுலேட்டர் நல்ல மிமிக்ரிக் கலைஞர் போல: ஒரே தொண்டை, மாறி மாறி எல்லாக் குரலும். பழைய எந்திரத்தில் ஒரே கணத்தில் ஒலிச் சிப்பும் படச் சிப்பும் செயலியும் தத்தம் வேலையைச் செய்தன. எமுலேட்டர் அவற்றை வரிசையாகச் செய்து, ஒன்றாக நடந்தது போலக் காட்டும். எஃப்.பி.ஜி.ஏ.வில் அவை உண்மையாகவே பக்கத்தில் பக்கத்தில் இயங்கும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் குதிப்பதற்கும் நடுவிலான தாமதம் குறைவு.

இதை வைத்து விளம்பரக்காரர்கள் ‘இது எமுலேஷனே இல்லை’ என்று முழங்குவதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கோரை எழுதியவர் பழைய சிப்பை எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டாரோ அவ்வளவுதான் அது சரியாக இருக்கும். மோசமான எஃப்.பி.ஜி.ஏ. கோர் உண்டு. அதைவிடத் துல்லியமான எமுலேட்டரும் உண்டு.

பயிற்சிப் போர்டில் பிறந்த இயக்கம்

கல்லூரி மாணவர்கள் எஃப்.பி.ஜி.ஏ. பழகுவதற்காக டிஇ10-நானோ என்ற போர்டை விற்றது தைவானின் டெராசிக் நிறுவனம். உள்ளே இன்டெலின் சைக்ளோன் 5 சிப். விலை 130 டாலர் அளவில்தான். அந்தச் சிப்பின் திறனுக்கு அது மலிவு. 2017இல் அலெக்ஸி மெல்னிகோவ் என்ற நிரலாளர் இந்தப் போர்டைக் கொண்டு ‘மிஸ்டர்’ திட்டத்தைத் தொடங்கினார். டில் ஹார்பாம் என்பவர் அதற்கு முன்பே நடத்திவந்த ‘மிஸ்ட்’ திட்டத்தின் வழியில் வந்தது இது. மூலநிரல் திறந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம்.

சேர்த்தார்கள். ஸ்பெயினின் ஹோசே தெஹாதா ஜப்பானிய ஆர்கேட் எந்திரங்களை ஒவ்வொன்றாக மீட்டுக் கொடுத்தார். ஃபிரான்ஸில் ‘ஃபர்டெக்’ என்ற பெயரில் இயங்குபவர் நியோ ஜியோ கன்சோலின் சிப்புகளுக்குள் இருக்கும் கோடுகளைப் படங்களிலிருந்து படித்தார். ஜெர்மனியின் ராபர்ட் பைப் பிளேஸ்டேஷன் கோரைத் தந்தார். பிறகு நின்டெண்டோ 64 இந்தப் போர்டில் அடங்கவே அடங்காது என்று பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கையில், அதையும் உள்ளே அடக்கிக் காட்டினார்.

இவர்களில் சிலருக்குப் பேட்ரியான் வழியாக மாதச் சந்தா வருகிறது. பலருக்கு எதுவும் வருவதில்லை. ஒரு கோர் எழுதுவது என்றால் முப்பது ஆண்டுப் பழைய ஆவணங்களைத் தேடிப் பிடிப்பது, ஆவணம் இல்லாத இடத்தில் உண்மையான எந்திரத்தின் கால்களில் அளவுகோல் வைத்து நானோ விநாடி கணக்கில் பார்ப்பது, ஒரே ஒரு விளையாட்டில் ஒரே ஒரு காட்சியில் படம் நடுங்குவது ஏன் என்று வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது. வணிகக் கணக்கில் எந்த நிறுவனமும் இந்தச் செலவை ஏற்காது. போர்டு விலைக்குள் இந்த உழைப்பையும் சேர்த்தால் 130 டாலர் எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கொரோனாவுக்குப் பின் வந்த சிப் தட்டுப்பாட்டில் டிஇ10-நானோ 200 டாலரைத் தாண்டியது. கூடுதல் நினைவகம், யு.எஸ்.பி. போர்டு, கூடு என்று அடுக்கினால் இன்னும் போகும். அப்போது மீட்டதும் உள்ளிருந்தே வந்த ஓர் ஆள். ‘டாக்கி உடான்’ என்ற பெயரில் கைக்கன்சோல்களை விமர்சித்துவந்த யூடியூபர், அதே சிப்பை வைத்து ஒத்த போர்டைத் தயாரித்து 2024இல் 99 டாலருக்குக் கொடுத்தார். முதல் தொகுதி கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. மிஸ்டர் மூடிய திட்டமாக இருந்திருந்தால் இப்படி ஒரு போட்டி பிறந்திருக்காது. விலை குறையத் தேவைப்பட்டது பெரிய நிறுவனத்தின் கருணையல்ல, திறந்த மூலநிரல்.

வணிக நிறுவனங்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவின் அனலாக் நிறுவனம் 199.99 டாலருக்கு முன்பதிவு வாங்கிய ‘பாக்கெட்’ கைக்கன்சோல், நாள் தள்ளித் தள்ளி 2021 டிசம்பரில்தான் கைக்கு வந்தது. பின்னர் விலை 219.99 ஆனது. அழகான பொருள். திரையைப் பார்த்தவர்கள் கையிலிருந்து வைக்க மாட்டார்கள். ஆனால் அது கேம்பாய் வகைக் கார்ட்ரிட்ஜ்களைத் தாண்டிப் பெரிய எந்திரமானது 2022இல் வெளியார் கோர் எழுத நிறுவனம் கதவைத் திறந்த பிறகுதான். மிஸ்டர் திட்டத்தில் பிறந்த பல கோர்களைத் தன்னார்வலர்கள் இதற்கும் மாற்றிக் கொடுத்தார்கள். வாங்கியவர்களின் பொருளுக்கு மதிப்பு கூடியது. கூட்டிக் கொடுத்தவர்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்.

சீனத் தயாரிப்புகளிலும் இதே கதைதான். ‘மியூ மினி’ என்ற உள்ளங்கையளவு கன்சோல், தொழிற்சாலையிலிருந்து வந்த மென்பொருளோடு சுமாரான பொம்மை. ‘ஆனியன்’ என்று ரசிகர்கள் எழுதிய இலவச மென்பொருளை ஏற்றிய பிறகு அதே பொம்மைக்கு ஊரெல்லாம் வரிசை.

ஆயிரம் பவுண்டு நாஸ்டால்ஜியா

மறுபக்கமும் இருக்கிறது. கொமடோரின் அமிகா கணினி ரசிகர்களின் பிடிவாதம் பேர்போனது. அந்த நிறுவனம் 1994இல் திவாலான பின்னும் அமிகா இயங்குதளத்தைக் கைவிடாதவர்கள். அவர்களுக்காகவே டிரெவர் டிக்கின்சன் தொடங்கிய ஏ-இயான் நிறுவனம் ‘அமிகாஒன் எக்ஸ்1000’ கணினியைக் கொண்டுவந்தது. விலை சுமார் 1,700 பவுண்டு. அதன் செயலியைச் செய்த பி.ஏ. செமி நிறுவனத்தை 2008இலேயே ஆப்பிள் வாங்கிவிட்டிருந்தது. முன்னால் வழி இல்லாத சிப். அதே காலத்தில் கடையில் கிடைத்த சாதாரணக் கணினியே அதைவிட வேகமாக ஓடும். இருந்தும் வாங்கினார்கள். இதை முட்டாள்தனம் என்று எழுத எனக்கு மனமில்லை. பழைய புல்லட்டுக்கு உதிரி தேடி மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் விலைக்குத் தகுந்த பொருள் என்று யாராவது வாதாடினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் அதே அமிகாவுக்கு ‘பைஸ்டார்ம்’ இருக்கிறது. க்ளாட் ஷ்வார்ட்ஸ் வடிவமைத்துத் திறந்த வன்பொருளாக வெளியிட்ட சின்னஞ்சிறு போர்டு. பழைய அமிகாவின் 68000 செயலியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதையும் ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினியையும் செருகினால் போதும். மிகாவ் ஷுல்ஸின் ‘எமு68’ மென்பொருளோடு அது ஓடும் வேகம் பழைய அமிகா உரிமையாளர் கனவிலும் காணாதது. செலவு எக்ஸ்1000 விலையில் சிறு துளி.

பழைய கன்சோலையே வைத்திருப்பவர்களுக்கும் தப்பில்லை. இன்றைய 4கே டிவி பழைய சிக்னலை வாங்கிக் குழப்பி மங்கலாகக் காட்டும். அதைத் திருத்தும் ‘ரெட்ரோடிங்க் 4கே’ கருவி 2023 இறுதியில் 750 டாலருக்கு வந்தது. கன்சோலின் விலையைவிடக் கண்ணாடியின் விலை அதிகம் என்ற நிலை. இங்கேயும் ஓ.எஸ்.எஸ்.சி. என்ற திறந்த வடிவமைப்பு மாற்று உண்டு.

காவல் காத்தவர்கள்

ரசிகர் கூட்டம் உழைப்பை மட்டும் கொடுப்பதில்லை, மற்றவர் பணத்தையும் காப்பாற்றியிருக்கிறது. 2016 பிப்ரவரியில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் ‘கொலிகோ கமேலியன்’ என்ற புதிய கார்ட்ரிட்ஜ் கன்சோலின் மாதிரி காட்சிக்கு வந்தது. புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த ரசிகர்கள், பின்புறத் துளைகளும் அவற்றைச் சுற்றியிருந்த கறுப்பு நாடாவும் சரியில்லை என்றார்கள். உள்ளே இருப்பது பழைய சூப்பர் நின்டெண்டோ என்ற சந்தேகம் வலுத்தது. பதிலுக்கு, உள்ளே தெரியும்படி கண்ணாடி போன்ற கூட்டில் இன்னொரு மாதிரியின் படம் வெளியானது. சில மணி நேரத்தில் ரசிகர்கள் அதிலிருந்த போர்டை அடையாளம் கண்டுவிட்டார்கள். கண்காணிப்புக் கேமராவுக்காகக் கணினியில் செருகும் பழைய கார்டு அது! கொலிகோ பெயரின் உரிமையாளர்கள் விலகிக்கொள்ள, திட்டம் அத்தோடு முடிந்தது.

எல்லா நேரமும் அப்படிப் பிழைக்கவில்லை. ‘ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ்’ என்ற கைக்கன்சோலுக்கு 2016இல் இண்டிகோகோ வழியாக 5 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு சில நூறு பேருக்கு மட்டும் ஏதோ வந்தது. சின்க்ளேர் பெயரின் உரிமையை வைத்திருந்த ஸ்கை நிறுவனம் அனுமதியைத் திரும்பப் பெற்றது. தயாரித்த நிறுவனம் 2019இல் மூடப்பட்டது. பணம் போட்ட பெரும்பாலோருக்குப் பொருளும் இல்லை, பணமும் இல்லை. இத்தனைக்கும் தொடக்கத்தில் அந்தத் திட்டத்தோடு கிளைவ் சின்க்ளேரின் பெயரும் சேர்ந்திருந்தது. பெயர் உத்தரவாதம் ஆகாது.

இதற்குப் பிறகும் நெக்ஸ்ட் குழு 2020இல் இரண்டாம் முறை கை நீட்டியபோது 5,236 பேர் 18,47,649 பவுண்டு கொடுத்தார்கள். இந்த முறை விலை 300 பவுண்டை ஒட்டி இருந்தது. சிப் தட்டுப்பாட்டில் மாட்டி மறுபடியும் ஆண்டுக்கணக்கில் தாமதம். ஆனாலும் வேகா பிளஸ் காலத்துக் கசப்பு எழவில்லை. காரணம் எளிது. போர்டு எங்கே நிற்கிறது, எந்தச் சிப் கிடைக்கவில்லை என்று குழு தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தது. வடிவமைப்பு திறந்திருந்ததால், பொறுமை இழந்தவர்கள் அதே கோரில் இயங்கும் சிறு போர்டுகளை வாங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை செய்தவை 2023 இறுதியிலிருந்து போய்ச் சேரத் தொடங்கின.

2025இல் கொமடோர் பெயரே கை மாறியது. கிறிஸ்டியன் சிம்ப்சன் என்ற யூடியூபர் தலைமையில் ரசிகர்கள் சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி, ‘கொமடோர் 64 அல்டிமேட்’ என்ற எஃப்.பி.ஜி.ஏ. கணினியை 299 டாலரிலிருந்து அறிவித்தார்கள். 1982இல் அசல் கொமடோர் 64 வெளிவந்த விலை 595 டாலர். உள்ளே இருக்கும் போர்டு, நெதர்லாந்தின் கிடியோன் ஸ்வைட்சர் ஏற்கெனவே பல ஆண்டு விற்றுவந்த வடிவமைப்பின் தொடர்ச்சி. ஆக, பெயரை வாங்க ஆண்டுகள் ஆனாலும் எந்திரம் தயாராகவே இருந்தது.

நம் பக்கம்

இந்தியாவுக்கு இந்தக் கதையில் சின்னத் தொடர்பு உண்டு. 1986 வாக்கில் புனேயின் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் இங்கே ஸ்பெக்ட்ரம் விற்றது. அதில் பேசிக் பழகியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறைக்கு வீடியோ கேம் என்றால் டிவியில் செருகும் 8-பிட் நகல் பெட்டியும், ‘9999 இன் 1’ என்று பொய் சொன்ன மஞ்சள் கார்ட்ரிட்ஜும்தான். அந்த நினைவுக்காக 300 டாலர் பெட்டியை வரவழைத்தால், கூரியர் கட்டணம், இறக்குமதித் தீர்வை, வரி எல்லாம் சேர்ந்து கடைசித் தொகை திகைக்க வைக்கும். பழுதானால் திருப்பி அனுப்புவது இன்னொரு செலவு. ஆகவே வெளிநாட்டு விமர்சகர் ‘விலைக்கு நல்ல பொருள்’ என்று சொல்வதை நம் கணக்கில் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

நிகழ்நிலைக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் விளையாட்டுகளோடு கைக்கன்சோல் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. அந்தப் பத்தாயிரத்துக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு காசும் போவதில்லை. கோர் எழுதுகிறவர்கள் விளையாட்டுக் கோப்புகளைத் தங்கள் திட்டத்தோடு சேர்க்காமல் கவனமாக இருப்பது இதனால்தான்.

வாங்கத் தோன்றினால் முதலில் வீட்டிலிருக்கும் கணினியில் இலவச எமுலேட்டரை ஏற்றி ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துவிடும். தீராதவர்கள் கூடு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், மூலநிரல் திறந்திருக்கிறதா, கடந்த மூன்று மாதத்தில் யாராவது அதில் கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கைக்கு வராத பொருளுக்கு, இதுவரை எதையும் செய்து முடிக்காத குழுவுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள், பெட்டியின் மேல் எந்தப் பெரிய பெயர் இருந்தாலும். வாங்கிய பிறகு, நீங்கள் அதிகம் ஆடும் விளையாட்டின் கோரை எழுதியவர் யார் என்று தேடிப் பிடித்து, நூறு ரூபாயாவது அவருக்கு அனுப்புங்கள்.